தங்கவயல் வண்டியும் நமது பிழைப்பும்

விடிவதற்கு வெகு நேரம் முன்பே கோலார் தங்கவயலின் லைன் வீடுகளில் விளக்கு எரியத் தொடங்கிவிடுகிறது. தூக்குச் சட்டியில் சோறு கட்டி, தூங்கும் பிள்ளைகளை எழுப்பாமல் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டேஷனை நோக்கி ஒரு கூட்டம் நடக்கிறது. கொத்தனார், சித்தாள், தையல் மிஷினில் உட்காரும் பெண், வாட்ச்மேன், கடைச் சிப்பந்தி, ஆபீஸ் குமாஸ்தா, கல்லூரி மாணவன் எல்லோருக்கும் ஒரே வண்டிதான். வேலை பெங்களூரில், வீடு தங்கவயலில். நடுவே சுமார் 86 கிலோமீட்டர் தண்டவாளம்.

இந்தப் பத்திரிகையை இப்போது கையில் வைத்திருக்கும் வாசகர்களில் சிலர் அந்த வண்டியிலேயே உட்கார்ந்தோ, நின்றுகொண்டோ இருக்கக்கூடும். அவர்களுக்கு நாம் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால், அந்தப் பயணத்தை அவரவர் சொந்தக் கஷ்டம் என்று எண்ணியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஓர் ஊரை வாழவைத்த தொழில் மூடப்பட்ட பிறகு, அந்த ஊருக்குப் போகவும் வரவும் உள்ள வழிதான் அதன் பிழைப்பு. வழி கெட்டால் பிழைப்பும் கெடும். தங்கவயல் விஷயத்தில் இது கண்கூடு.

இந்தத் தண்டவாளம் யாருக்காகப் போடப்பட்டது என்பதை நினைத்துப் பார்ப்பது நல்லது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையைக் கையில் எடுத்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து ஏழை எளிய மக்கள் சாரை சாரையாக அங்கே போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்களிலும் ஊரில் ஒரு குழி நிலமும் இல்லாத, சேரிகளில் ஒதுக்கிவைக்கப்பட்ட குடும்பங்களே அதிகம். 1894இல் அன்றைய பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருப்பேட்டையிலிருந்து, சுரங்கப் பகுதிக்குக் கிளை ரயில் பாதை வந்தது. 1902இல் சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் வந்தது. இரண்டும் சுரங்கத்துக்காக வந்தவை. சுரங்கத்தில் உழைத்தவனின் சௌகரியத்துக்காக யாரும் அவற்றைக் கொண்டுவரவில்லை. ஆனாலும் அவனுக்கும் அவை பயன்பட்டன.

1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவாயிற்று. பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரை மனிதர்கள் கூண்டில் இறங்கி வேலை செய்த அந்தச் சுரங்கங்கள், 800 டன்னுக்கு மேல் தங்கத்தைத் தந்த பிறகு, 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. வேலை நேரத்தை அறிவித்த சங்கு நின்றது. தொழிலாளர் குடும்பங்கள் மட்டும் லைன் வீடுகளிலேயே நின்றுவிட்டன. போவதற்கு வேறு இடம் இருந்தால்தானே போவார்கள்? தமிழ்நாட்டுச் சொந்த ஊரை விட்டு வந்து மூன்று, நான்கு தலைமுறை ஆகிவிட்டது. அங்கே இவர்கள் பெயரில் வீடும் இல்லை, நிலமும் இல்லை.

1964இல் ஏற்பட்ட பெமல் நிறுவனத்தின் தொழிற்சாலை தங்கவயலில் இன்றும் இயங்குகிறது. ஆனால் சுரங்கம் கைவிட்ட எல்லோருக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும் வேலை தர அது ஒன்றால் ஆகாது. ஆகவே பிள்ளைகள் பெங்களூருக்கு வண்டி ஏறினார்கள். தகப்பன் கூண்டில் ஏறிப் பூமிக்குள் இறங்கினான். மகன் ரயிலில் ஏறிப் பட்டணத்துக்குள் இறங்குகிறான். தகப்பனுக்குச் சுரங்கம் வீட்டு வாசலில் இருந்தது. மகனுக்கு வேலை இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத பயணத்துக்கு அப்பால் இருக்கிறது.

'பெங்களூரிலேயே குடியிருந்துவிட்டால் என்ன?' என்று கேட்பவர்கள் உண்டு. பெங்களூரில் வாடகைக்கு வீடு தேடியவர்கள் இப்படிக் கேட்கமாட்டார்கள். மாத வாடகையோடு, பல மாத வாடகையை அட்வான்ஸாக முதலிலேயே எண்ணி வைக்க வேண்டும். மேஸ்திரியிடம் தினக்கூலி வாங்குபவனுக்கு அந்தத் தொகை எங்கிருந்து வரும்? அதுமட்டுமல்ல. சுரங்கத் தூசியைப் பல ஆண்டு சுவாசித்து நெஞ்சு கெட்டுப்போன முதியவர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களைத் தனியே விட்டுவிட்டுப் போக முடியாது. அழைத்துக்கொண்டு போய் ஒற்றை அறையில் வைத்துக்கொள்ளவும் முடியாது. சீசன் டிக்கெட்தான் இந்தக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிற வழி.

அந்த வழி எவ்வளவு மெல்லியது என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவினால் பயணிகள் ரயில்கள் நாடு முழுவதும் நின்றன. மற்ற ஊர்களில் ரயில் நின்றது. தங்கவயலில் உலையே நின்றது. பிறகு பாசஞ்சர் வண்டிகள் மெல்ல மெல்லத் திரும்பியபோது, எக்ஸ்பிரஸ் கட்டணத்துடன் திரும்பின. 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய் ஆயிற்று. பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறவரும் 30 ரூபாய் கொடுத்தார். டிக்கெட் ஜன்னலுக்கு உட்புறம் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த நாட்களை மறக்க மாட்டார்கள். 'பாசஞ்சர் வண்டிதானே ஐயா, எதற்கு இவ்வளவு?' என்று கேட்டு, முந்தானை முடிச்சை இரண்டாம் தடவை அவிழ்த்த பாட்டிமார்களுக்குச் சொல்ல அவர்களிடம் பதில் இருக்கவில்லை. 2024 பிப்ரவரியின் கடைசியில்தான் பழைய 10 ரூபாய்க் கட்டணம் மீண்டும் வந்தது. கட்டணம் திரும்பி வந்ததற்கு நன்றி சொல்லலாம். இடையில் போன காசு திரும்பி வரப்போவதில்லை.

தங்கவயலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்காக வழியையும் சொல்லிவிடுகிறோம். உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்கும் துக்கத்துக்கும் போகிற நம்மவர்கள் எந்த ஸ்டேஷனில் இறங்குவது என்று தெரியாமல் அலைவதைப் பலமுறை பார்த்திருக்கிறோம். 'கே.ஜி.எஃப்.' என்ற பெயரில் ஒரே ஸ்டேஷன் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றந்தான். பெங்களூர் - ஜோலார்பேட்டை பாதையில் உள்ள பங்காருப்பேட்டை சந்திப்பிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் நீளக் கிளைப்பாதை மாரிக்குப்பத்தில் முடிகிறது. இடையில் கோரமண்டல், பெமல் நகர், உரிகம், சாம்பியன் ஆகிய ஸ்டேஷன்கள் இருக்கின்றன. கடைத்தெருவும் பஸ் நிலையமும் இருக்கிற ராபர்ட்சன்பேட்டைக்குப் போகிறவர்கள் உரிகத்தில் இறங்குவது நல்லது. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் வீடு என்றால் கடைசி ஸ்டேஷன்கள்தான் வசதி. கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும்போது மண்டபத்தின் பெயரோடு ஸ்டேஷன் பெயரையும் போட்டால் விருந்தாளிக்குப் பெரிய உபகாரமாக இருக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் பங்காருப்பேட்டையில் இறங்கிக் கிளை வண்டிக்கு மாற வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு வி.கோட்டா வழியாகச் சாலை இருக்கிறது. பெங்களூரிலிருந்து பஸ்ஸிலும் போகலாம். 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் மாநிலத்துப் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். தங்கவயல் பெண்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் ஒரே வீட்டில் மனைவி பஸ்ஸிலும், கணவன் சீசன் டிக்கெட்டோடு ரயிலிலுமாகப் போய் வருகிற விசித்திரமும் இதனால் ஏற்பட்டிருக்கிறது.

பெங்களூருக்குள் இப்போது இன்னொரு வசதியும் சேர்ந்திருக்கிறது. 2023 அக்டோபரில் ஊதா நிற மெட்ரோ பாதை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, ஒயிட்ஃபீல்டிலும் கிருஷ்ணராஜபுரத்திலும் ரயிலை விட்டு இறங்கியதும் மெட்ரோவுக்கு மாறிக்கொள்ள முடிகிறது. சில்க் போர்டு, மாரத்தஹள்ளி என்று பஸ்ஸில் நெரிபட்டவர்களில் ஒரு பகுதியினருக்காவது இது ஆறுதல். ஆனால் 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணம் உயர்ந்தது. சீசன் டிக்கெட்டுக்கு ஒரு மாதத்துக்கு ஆகிற செலவையும், மெட்ரோவுக்கு ஒரு வாரத்துக்கு ஆகிற செலவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்கிற தொழிலாளி, மறுபடி பஸ்ஸுக்கே போய்விடுகிறான்.

பெரிய சாலையும் வந்திருக்கிறது. பெங்களூர் - சென்னை விரைவுச் சாலையின் கர்நாடகப் பகுதி, தங்கவயலுக்குப் பக்கத்தில் பேத்தமங்கலம் வரை 2024 டிசம்பரில் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. கார் வைத்திருப்பவர்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனால் அந்தச் சாலையில் ஸ்கூட்டருக்கும் ஆட்டோவுக்கும் இடமில்லை. தங்கவயல் லைனில் எத்தனை வீட்டு வாசலில் கார் நிற்கிறது? நாட்டுக்குப் பெரிய சாலைகள் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. பெரிய சாலை வந்துவிட்டது, ஆகவே தங்கவயலின் போக்குவரத்துக் குறை தீர்ந்துவிட்டது என்று யாரும் கணக்கு எழுதிவிடக் கூடாது என்றுதான் சொல்கிறோம்.

பெங்களூரிலிருந்து தங்கவயல் போவதைவிட, தங்கவயலுக்குள் போவது சில சமயம் கஷ்டம். அது வளர்ந்து பெருகிய ஒரே ஊர் அல்ல. சுரங்கத்துக்குச் சுரங்கம் தள்ளித் தள்ளிப் போடப்பட்ட குடியிருப்புகளின் தொகுப்பு. சாம்பியன் ரீஃப், மைசூர் மைன், நந்திதுர்க்கம், உரிகம் என்று ஒவ்வொன்றுக்கும் இடையே பாழடைந்த கட்டடங்களும், முட்புதர்களும், சயனைடு மண் மேடுகளும் கிடக்கின்றன. பகலில் பார்க்க வருகிறவர்களுக்கு இவை வேடிக்கை. 2018இல் திரைப்படம் வந்த பிறகு, சுரங்கத்தைப் பார்க்க வேண்டும் என்று இளைஞர்கள் பலர் வருகிறார்கள். சுரங்கத்துக்குள் இறங்க முடியாது. வெளியிலிருந்து பார்த்துவிட்டு, கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரரைத் தரிசித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் வேலையிலிருந்து திரும்பும் பெண்ணுக்கு அதே மேடுகள் வேறு விதமாகத் தோன்றும்.

அண்மையில் ஒரு மழை இரவில், வண்டி தாமதமாகி வந்து நின்றபோது, அந்தக் கிளைப்பாதையின் ஒரு ஸ்டேஷனில் இந்த வரிகளை எழுதுபவரும் இறங்கினார். பிளாட்பாரத்தில் பாதி விளக்குகள் எரியவில்லை. வெளியே நின்ற இரண்டே ஆட்டோக்கள் முதலில் ஓடியவர்களோடு போய்விட்டன. கார்மென்ட்ஸ் வேலைக்குப் போய்த் திரும்பிய நான்கு பெண்கள் தனியாக நடக்கப் பயந்து, தங்கள் லைன் பக்கம் போகிற ஆண்கள் யாராவது வருகிறார்களா என்று ஓரமாக நின்றுகொண்டிருந்தார்கள். தெரிந்த முகமாக ஒரு பெரியவர் வந்தார். 'வாங்கம்மா, நம்ம லைன்தானே' என்று அவர் முன்னே நடக்க, செல்போன் வெளிச்சத்தில் அவர்கள் பின்னே நடந்தார்கள். அன்றைய கூலியில் ஆட்டோவுக்குக் கொடுத்தால் மறுநாள் பால் வாங்க என்ன மிஞ்சும் என்று அவர்களில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது.

தினம் தினம் அந்தப் பெரியவர் வருவாரா? ஓர் ஊரின் பெண்கள் பத்திரமாக வீடு போய்ச் சேருவதை நல்ல மனிதர்களின் இரக்கத்துக்கு விட்டுவிடுவது நிர்வாகம் ஆகாது.

வண்டி இருபது நிமிஷம் தாமதமானால் அது ரயில் கணக்கில் சிறு தாமதம். குமாஸ்தாவுக்கு அது அரை நாள் லீவு. கட்டட வேலைக்காரனுக்கு முழு நாள் கூலி. காலை எட்டு மணிக்கு மேஸ்திரி ஆள் எண்ணி எடுத்துக்கொண்டு போய்விட்டால், எட்டரைக்கு வந்து சேர்ந்தவன் மத்தியானச் சோற்றுத் தூக்கை அப்படியே தூக்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கிளைப்பாதை வண்டிகளைப் பங்காருப்பேட்டையில் நிறுத்திவிட்டு மெயின் லைன் வண்டிகளுக்கு வழி விடும்போது, நிறுத்தப்படுகிற வண்டியில் எத்தனை பேருடைய அன்றாடக் கூலி காத்துக்கிடக்கிறது என்பதையும் கன்ட்ரோல் அறையில் இருப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். ரயில்வேக்கு உள்ள நெருக்கடி நமக்குத் தெரியாததல்ல. பெங்களூர் - சென்னைப் பாதையில் வண்டிகளின் நெரிசல் அதிகம். எல்லா வண்டிக்கும் முதல் வழி விட முடியாது. ஆனால் காலையில் வேலைக்குப் போகும் வண்டிக்கும், மாலையில் வீடு திரும்பும் வண்டிக்குமாவது முதல் வழி கொடுக்க முடியாதா?

பயணிகளாகிய நம்மவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டால் அது நியாயமாகாது. துண்டு போட்டு ஆறு பேருக்கு இடம் பிடித்து வைத்துக்கொண்டு, கைக்குழந்தையோடு நிற்பவளைப் பார்க்காத மாதிரி இருப்பது நம்மவர்கள்தான். சீட்டாட்டத்துக்காகக் கதவோரத்தை அடைத்துக்கொள்வதும் நம்மவர்கள்தான். 'தெரிந்த டி.டி.இ.தான்' என்று டிக்கெட் வாங்காமல் ஏறுகிற ஒவ்வொருவரும், இந்தப் பாதையில் வருமானம் இல்லை என்று சொல்லக் காத்திருப்பவர்களுக்குச் சாட்சி எழுதிக் கொடுக்கிறார்கள். கவுண்டரில் வாங்கும் சாதாரண டிக்கெட்டுக்கு, 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரமானால், மூன்று மணி நேரத்துக்குள் புறப்பட வேண்டும் என்ற விதி இருப்பதையும், காலையிலேயே திரும்புகிற டிக்கெட்டைச் சேர்த்து வாங்கிவிட்டு மாலையில் அபராதம் கட்டுகிறவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தினம் போகிறவர்களுக்குச் சீசன் டிக்கெட்தான் லாபம். மாதச் சீசனைவிட மூன்று மாதச் சீசன் இன்னும் லாபம். மூன்று மாதத்துக்கு 2.7 மாதக் கட்டணம்தான் வாங்குகிறார்கள்.

இனி, நாம் கேட்பது என்ன?

முதலாவதாக, காலை மாலை வேலை நேர வண்டிகளின் தாமதத்தை மாதாமாதம் கணக்கெடுத்து, பயணிகள் சங்கங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச வேண்டும். இரண்டாவதாக, இரவு வண்டிகள் வரும் நேரத்துக்குத் தக்கபடி ஸ்டேஷன்களிலிருந்து லைன் பகுதிகளுக்கு டவுன் பஸ் வேண்டும். வண்டி தாமதமானால் பஸ்ஸும் காத்திருக்க வேண்டும். ரயில்வேயும் பஸ் டிப்போவும் ஒரு போனில் பேசிக்கொண்டால் முடிகிற காரியம் இது. இதற்குக் கோடிகள் தேவையில்லை. மூன்றாவதாக, கிளைப்பாதையின் எல்லா ஸ்டேஷன்களிலும், ஸ்டேஷனிலிருந்து குடியிருப்புக்குப் போகும் சாலைகளிலும் விளக்கு எரிய வேண்டும். பெண்களுக்குப் பூட்டிக் கிடக்காத கழிப்பறை வேண்டும்.

நான்காவது, பெரிய வேலை. மாரிக்குப்பத்தோடு நின்றுபோகிற பாதையை ஆந்திர எல்லைக்குள் இருக்கும் குப்பம் வரை நீட்ட 2011-12 ரயில்வே பட்ஜெட்டில் அனுமதி கிடைத்தது. சுமார் 24 கிலோமீட்டர்தான் தூரம். 1894இல் 16 கிலோமீட்டர் போட்ட நாட்டில், இந்த நூற்றாண்டில் 24 கிலோமீட்டருக்கு இத்தனை வருஷம் இழுபடுவதற்குக் காரணம் நிலம், நிதி, இரு மாநில எல்லை என்று பல சொல்லலாம். ஆனால் அந்தப் பாதை முடிந்தால் தங்கவயல் கடைசி ஸ்டேஷனாக இருக்காது; சென்னைப் பாதையில் ஒரு வழி ஸ்டேஷனாகிவிடும். கடைசி ஸ்டேஷனுக்குக் கிடைக்கிற கவனம் வேறு, வழி ஸ்டேஷனுக்குக் கிடைக்கிற கவனம் வேறு என்பது ரயில்வேயில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்.

தங்கவயலிலேயே தொழில் வளர்ந்து, யாரும் வண்டி ஏறாமலே பிழைக்கிற நாள் வரவேண்டும் என்பதே நம் விருப்பமும். அதற்கான வாக்குறுதிகளைத் தேர்தலுக்குத் தேர்தல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அந்த நாள் வரும்போது வரட்டும். அதுவரை காலை வண்டி காலையில் புறப்பட வேண்டும், இரவு வண்டி பிள்ளைகள் தூங்கிவிடுவதற்குள் வந்து சேர வேண்டும். அப்பாவை ஞாயிற்றுக்கிழமை மட்டுமே பார்க்கிற பிள்ளைகள் தங்கவயலில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். வாரத்தில் இன்னும் இரண்டு நாள் அவர்கள் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டால், அதுவே இந்தத் தண்டவாளம் சம்பாதித்த லாபம் என்று ரயில்வே தன் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

சம்பந்தப்பட்டவர்கள் காலம் தாழ்த்தாமல் ஆவன செய்வார்களாக.